மூன்று வளையம், நடுவில் நட்சத்திரம்

என் மாமாவுக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. கால்கள் நிற்கும். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் ஒரு நிமிடம் நின்று, கழற்றிப் போட்டிருக்கும் செருப்புகளைப் பார்ப்பார். “உன் பெரியப்பா வந்தாச்சு. அந்த இன்ஷூரன்ஸ்காரரும் உள்ளதான் இருக்கார். வா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்” என்பார். எனக்குத் தெரிந்து அவர் கணிப்பு ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அதனால்தான் அந்த ஐந்து நாள் நடையின் மூன்றாம் நாள் காலையில் அவர் சொன்னதை நம்பினேன். வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

அம்மாவின் தம்பி அவர். பதினேழு வயதில் செருப்புக் கடையில் சேர்ந்தார். இப்போது ஐம்பத்தொன்று. நீளமான ஒற்றை அறைக் கடை. இரண்டு பக்கச் சுவரிலும் கூரைவரை அட்டைப்பெட்டிகள், நடுவில் ஆறு நாற்காலிகள், தரையை ஒட்டிச் சாய்த்து வைத்த ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் முழங்காலுக்கு மேல் எதுவும் தெரியாது. வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காருவார். மாமா அவர் எதிரே ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி இறங்கி, ஷூவை மாட்டி, முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். பெரிய முதலாளி உயிரோடு இருந்தபோது வைத்த சட்டம் அது. “காலுக்கு நாமதான் இறங்கணும். காலை நம்மகிட்ட ஏறி வரச் சொல்லக் கூடாது.”

இப்போதைய முதலாளி அவருடைய மகன். மாமாவும் அவரும் ஒரே வாரத்தில் கடைத் தரைக்கு, அதாவது வாடிக்கையாளருக்கு ஷூ மாட்டும் வேலைக்கு, வந்தவர்கள். அப்பா மகனுக்குச் சலுகை எதுவும் தரவில்லை. அதனால் இருவருக்கும் நடுவில் விநோதமான ஒரு மரியாதை உண்டு. கடைக்குள் மாமா அவரை ‘முதலாளி’ என்பார். பின்பக்க மாடிப்படிக்கு அடியில் டீ குடிக்கும்போது ‘டேய்’ என்பார். படிக்கட்டின் நிழல் எங்கே முடிகிறதோ அங்கே மரியாதை தொடங்கும்.

பிரச்சினை இதுதான். ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் மாமா எழுந்திருக்கும்போது வாடிக்கையாளரின் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்காலி லேசாகச் சாய்ந்தது. உட்கார்ந்திருந்த பெண்மணி “ஐயோ” என்றார். முதலாளி பார்த்துவிட்டார். அன்று மாடிப்படிக்கு அடியில் பேச்சு நடந்தது.

“உன் கால் போச்சுடா. குடோனுக்குப் போயிடு. நாற்காலியில உக்காந்து பெட்டியப் பாத்து ஜோடி சேத்தா போதும்.”

“குடோன்ல ஷூ இருக்கு, கால் எங்க இருக்கு? நான் அங்க போய் யாருக்கு மாட்டி விடறது, எலிக்கா?”

அந்த வாரம் கடைக்கு ஒரு நடைக் கூட்டம் வந்திருந்தது. கிராமங்கள் வழியாக ஐந்து நாள் நடக்கும் பழைய யாத்திரைப் பாதை ஒன்று உண்டு. எந்தக் காலத்திலோ நோய் தீர வேண்டி மக்கள் நடந்த வழி. முடிவில் ஒரு குன்று, குன்றின் மேல் ஒரு புனித இடம். இப்போது பெரும்பாலும் விடுமுறைக்கு நடப்பவர்கள்தான் போகிறார்கள். அவர்களுக்கெல்லாம் மாமா ஷூ விற்பார். “அஞ்சு நாள் பாதைக்கும் தாங்கும்” என்று அடித்துச் சொல்வார். அவர் அந்தப் பாதையைப் பார்த்ததே இல்லை.

முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். “அஞ்சு நாள் தாங்கும்னு ஊருக்கே சொல்றியே, நீ தாங்குவியா? போய் முழுசா நடந்து காட்டு. கடைத் தரையிலயே இரு, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நடுவுல வண்டி ஏறினா குடோன்.”

“சரிடா.”

“சாட்சி வேணும். உன் அக்கா பொண்ணு சும்மாதானே இருக்கு? படிச்ச பொண்ணு, பொய் சொல்லாது. அதைக் கூட்டிட்டுப் போ.”

‘சும்மாதானே’ என்ற சொல்லை மாமா அப்படியே என்னிடம் கொண்டுவந்து சேர்த்தார். கெட்ட எண்ணத்தில் அல்ல. எதையும் பெட்டி பிரிக்காமல் கொடுக்கும் பழக்கம். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. புள்ளியியல். பட்டம் வாங்கி பதினோரு மாதம் ஆகியிருந்தது. அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் யாரும் அந்தத் தெருவுக்கே போனதில்லை. எனக்கும் தெரியவில்லை என்பதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை.

“வீட்டுல ஒரு டம்ளர் தண்ணிக்குக் குரல் குடுக்கிற மனுஷன்” என்றார் அத்தை, பையில் துணி அடுக்கிக்கொண்டே. “தொண்ணூத்தாறு கிலோமீட்டர் நடக்கப் போறாராம். நீ பக்கத்துல இரு. விழுந்தா எனக்குப் போன் பண்ணு, ஜெயிச்சா அவரே பண்ணுவாரு.”

*

நடைப் பாதையின் ஏற்பாடு எளிது. காலையில் பைகளை விடுதி வாசலில் வைத்துவிட வேண்டும். மூட்டை வண்டி வந்து எடுத்து அடுத்த விடுதியில் இறக்கும். நடக்க முடியாதவர்களும் அதிலேயே ஏறிக்கொள்ளலாம். ஆனால் நடப்பவர்களுக்குக் கொடுக்கும் அட்டையில் பெருக்கல் குறி விழும். அட்டையில் ஐந்து கட்டங்கள். வழியில் ஐந்து இடங்களில் முத்திரை பதிக்க வேண்டும். ஐந்தும் இருந்தால் குன்றின் அடிவாரத்தில் சான்றிதழ் தருவார்கள். திருப்பம் வரும் இடமெல்லாம் கற்களில் நீலக் கோடு போட்டிருக்கும். கோட்டைப் பார்த்து நடந்தால் போதும், மூளையை வீட்டிலேயே விட்டு வரலாம் என்று விடுதிக்காரர் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. பதினோரு மாதத்தில் முதல் முறையாக, அடுத்து எங்கே போக வேண்டும் என்பதை யாரோ பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள்.

முதல் நாள் காலையில் மாமா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் நீட்டினார்.

“ஏ பட்டதாரி, லேஸ் கட்டு.”

“உங்களுக்குக் கட்டத் தெரியாதா மாமா?”

“முப்பத்துநாலு வருஷமா ஊருக்கே கட்டி விட்டாச்சு. எனக்கு ஒருத்தர் கட்டக் கூடாதா?”

நான் குனிந்து கட்டினேன். திமிர் என்று நினைத்தேன். நியாயமான திமிர் என்றும் நினைத்தேன்.

அவர் நன்றாகத்தான் நடந்தார். அதுதான் என்னைக் குழப்பியது. மெதுவாக, ஆனால் நிற்காமல். ஏற்றத்தில் பேச்சு நின்றுவிடும், இறக்கத்தில் திரும்ப வரும். எங்களைத் தாண்டிப் போகும் ஒவ்வொருவரின் காலுக்கும் ஒரு தீர்ப்பு இருந்தது. “அந்தக் கண்ணாடிக்காரர் ஏழரை. எட்டு போட்டுட்டு உள்ள சாக்ஸைத் திணிச்சிருக்கார். நாளைக்கு நடக்க மாட்டார் பாரு.” மறுநாள் கண்ணாடிக்காரர் மூட்டை வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

இரண்டு நாளில் இரண்டு முத்திரை. இரண்டாம் நாள் மாலை விடுதிக் கொடியில் எங்கள் சாக்ஸ்கள் காய்ந்துகொண்டிருந்தபோது மாமா முதலாளிக்குப் போன் செய்தார். “டேய், குடோன் சாவிய நீயே வச்சுக்க” என்றார். பக்கத்தில் படிக்கட்டே இல்லை. ஆனாலும் ‘டேய்’.

*

அன்று இரவு மழை பெய்தது. மூன்றாம் நாள் ஏழாவது கிலோமீட்டரில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பக்கமும் சோளக் கொல்லை. நீலக் கோடு போட்ட கல்லை ஏதோ டிராக்டர் இடித்துப் புரட்டிப் போட்டிருந்தது. கோடு வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. என் போனில் சிக்னல் இல்லை. மூன்றாவது முத்திரை ஒரு பழைய மாவு ஆலையில் இருப்பதாக அட்டையில் போட்டிருந்தது. ஆலை என்றால் ஓடைப் பக்கம் இருக்கும், ஓடை இடது கைப் பக்கம் கேட்டது.

“இடது பக்கம்னு நினைக்கிறேன் மாமா.”

“நினைக்கிறியா, தெரியுமா?”

“நினைக்கிறேன்.”

மாமா வலது பாதையின் ஈரமண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்ஷூரன்ஸ்காரரைக் கண்டுபிடிக்கும் அதே பார்வை.

“வா, இங்க பாரு. மூணு வளையம், நடுவுல நட்சத்திரம். இது நம்ம கடை சோல். போன வருஷம் இறக்கின நடை ஷூ. இந்த வட்டாரத்துல நம்மைத் தவிர யாரும் அதை விக்கல. எட்டாம் நம்பர். குதிகால் வெளிப்பக்கம் தேஞ்சிருக்கு. மழை விட்டப்புறம் விழுந்த தடம். நடைக்காரன் ஒருத்தன் நமக்கு முன்னாடி போயிருக்கான்.”

நான் யோசித்தேன். என்னிடம் இருந்தது ஓர் ஓடைச் சத்தம். அவரிடம் அளவு, தேய்மானம், நேரம் எல்லாம் இருந்தன. மூன்று ஆண்டு படித்த படிப்பு, ஆதாரம் அதிகம் உள்ள பக்கம் போ என்றது. போனோம்.

தடம் ஒரு இடத்திலும் தயங்கவில்லை. அது எனக்குத் தைரியமாக இருந்தது. வழி தெரிந்தவன் நடை. எட்டு கிலோமீட்டர். நீலக் கோடு ஒன்றுகூட வரவில்லை. “மழையில அழிஞ்சிருக்கும்” என்றார் மாமா. “பெயின்ட் மழையில அழியுமா?” என்றேன். “மட்டமான பெயின்ட் அழியும்” என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். எட்டு கிலோமீட்டரில் கேட்க எவ்வளவோ நேரம் இருந்தது.

தடம் ஒரு மாட்டுக் கொட்டகையைச் சுற்றி, ஒரு வீட்டு வாசலில் போய் முடிந்தது. வாசலில் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஒரு விவசாயி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வழி தெரிந்த நடைதான். தன் வீட்டுக்கு வழி தெரியாதவர் யார்?

“யாத்திரைப் பாதையா? அது அந்தப் பக்கமில்ல போகுது” என்றார். “இங்க யாரும் வந்ததே இல்லையே. எதைப் பாத்து வந்தீங்க?”

நான் அவர் காலைப் பார்த்தேன். அவரும் குனிந்து தன் காலைப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை அவருக்கு.

“இந்த ஷூ எங்க வாங்கினீங்க?” என்றார் மாமா.

“வாங்கலீங்க. மூட்டை வண்டி ஓட்டறது என் மச்சான். போன மாசம் யாரோ ஒரு நடைக்காரருக்குக் கால் முழுக்கக் கொப்புளமாம். எனக்கு இந்தச் சனியனே வேணாம்னு வண்டியில கழட்டிப் போட்டுட்டுப் போயிட்டாராம். எனக்கு நல்லாத்தான் இருக்கு.”

மாமாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு தொழில் முந்திக்கொண்டது. “நில்லுங்க, பாக்கிறேன்” என்று சொல்லி, கடையில் இறங்குவதுபோலவே ஒரு முட்டியை ஊன்றி அவர் எதிரே இறங்கினார். கட்டைவிரல் ஷூவின் முனையை அழுத்தியது.

“அரை விரல் இடம். பக்கவாட்டுல பிடிக்கல. உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.” முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்குள்ளிருந்து வந்த விவசாயியின் மனைவி, தன் கணவரின் காலடியில் ஓர் அந்நியர் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

மாமா எழுந்திருக்கவில்லை. இன்னும் ஷூவைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். விவசாயியும் காலை அசைக்காமல் நின்றார். மாடு தண்ணீர் குடித்து முடித்தது.

“இன்னும் என்னங்க பாக்கிறீங்க?”

“பாக்கல” என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி. “எந்திரிக்க வரல.”

நானும் விவசாயியும் ஆளுக்கு ஒரு கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினோம். வலது முட்டியை நீட்டும்போது மாமாவிடமிருந்து வந்த சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. நின்றதும் இரண்டு அடி நடந்து பார்த்தார். நடை வந்தது. நன்றாகவே வந்தது. அதைப் பார்த்து அவரே குழம்பிப்போனார்.

அந்தப் பெண் நாற்காலி கொண்டுவந்து போட்டார். விவசாயிக்கு இன்னும் ஆவல் தீரவில்லை. “இன்னொரு காலையும் பாக்கணுமா?” என்று கேட்டு, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் இடது காலைத் தூக்கி வைத்தார். “இப்பப் பாருங்க, குனிய வேணாம்.”

மாமா உட்கார்ந்தபடியே கையை நீட்டி அழுத்திப் பார்த்தார். பிறகு வாளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“டிராக்டர்ல விடுதி வரைக்கும் கொண்டு விடச் சொல்றேன், ஏறிக்குங்க” என்றார் அந்தப் பெண்.

“சக்கரம் கூடாதும்மா. பந்தயம்.”

“நடக்கிறதுல என்ன பந்தயம்?” என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். விளக்க ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே அது சரியாக வரவில்லை. முட்டியால் செய்யும் வேலைக்கு நடையால் ஏன் பரீட்சை? முதலாளிக்கும் தோன்றவில்லை, மாமாவுக்கும் தோன்றவில்லை, சாட்சியாக வந்த எனக்கும் தோன்றவில்லை. மூன்று பேரும் சேர்ந்து ஒரு தப்பான கேள்விக்கு ஐந்து நாள் விடை எழுதிக்கொண்டிருந்தோம்.

விவசாயி காட்டிய கால்வாய்க் கரையில் பதினொரு கிலோமீட்டர் நடந்து மூன்றாவது விடுதியை அடைந்தோம். பொழுது சாயவில்லை. மொத்தம் இருபத்தாறு. முறையான பாதையில் போயிருந்தால் இருபத்தொன்று. ஆனால் மாவு ஆலை வழியில் வரவில்லை. அட்டையில் மூன்றாவது கட்டம் காலி.

*

நான்காம் நாள் காலையில் அவர் காலை நீட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அவிழ்ந்து கிடந்த லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே போய்க் குனிந்தேன்.

“உனக்கு முதல் நாளே தெரியும்ல?”

“இல்ல மாமா. திமிர்னு நினைச்சேன்.”

சிரித்தார். “அப்படியே நினைச்சிருக்கலாம்.” பிறகு, என் தலைக்கு மேல் எங்கோ பார்த்துக்கொண்டு, “அந்தக் கொப்புளக்காரரைத் தெரியும்” என்றார்.

“முகம் ஞாபகம் இருக்கா?”

“முகம் யாருக்கு வேணும்? வெள்ளை சாக்ஸ். இடது கால் ரெண்டாவது விரல், பெருவிரலைவிட நீளம். ஒன்பது கேட்டார். எட்டு போதும், போகப்போக இளகும்னு சொல்லி வித்தேன். அன்னைக்கு நான் இறங்கல. முட்டி வலி. நின்னுக்கிட்டே பாத்தேன். அழுத்திப் பாத்திருந்தா அஞ்சு விநாடியில தெரிஞ்சிருக்கும். கால்ல இருக்கிறது நின்னா தெரியாது.”

நான் முடிச்சைப் போட்டேன். இரட்டை முடிச்சு. அவர் எத்தனை பேருக்கு அப்படி நின்றபடி விற்றிருப்பார், எத்தனை கொப்புளங்கள், என்று மனம் கணக்குப் போடப் பார்த்தது. நான் போட விடவில்லை.

“நான் முதலாளிகிட்ட என்ன மாமா சொல்லணும்?”

“நடந்தேனா இல்லையா?”

“நடந்தீங்க.”

“அதைச் சொல்லு.”

“முட்டி?”

“அவன் முட்டியப் பத்திக் கேட்டானா?”

கேட்கவில்லை. இரண்டு நாளும் அதையே யோசித்தபடி நடந்தேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பொய்யா? பரீட்சையில் அப்படி எழுதினால் மதிப்பெண் குறையாது. ஆனால் அடுத்த கொப்புளக்காரர்? குடோனில் எலிகளோடு மாமா? ஒரு கால் இந்தப் பக்கம் போனால் மறு கால் அந்தப் பக்கம் போனது. நீலக் கோடு மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

*

குன்றின் அடிவாரத்தில் ஒரு சின்ன அலுவலகம். ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மூணாவது முத்திரை இல்லையே.”

“வழி தவறிட்டோம்” என்றார் மாமா. “ஆனா அதிகமா நடந்திருக்கோம். அஞ்சு கிலோமீட்டர் கூடுதல்.”

“கூடுதலா நடந்ததுக்கு எங்ககிட்ட சான்றிதழ் இல்லீங்களே.”

“குறைச்சலா நடந்தாத்தானே குடுக்கக் கூடாது?”

“எனக்குத் தெரிஞ்சது அஞ்சு முத்திரைங்க. அஞ்சு இருந்தா நடந்தாச்சு, நாலு இருந்தா நடக்கல.” அவர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்து, மேசை இழுப்பறையைத் திறந்தார். “ஆலை முத்திரைக்கு மாற்று ஒண்ணு இங்க இருக்கு. மை தீர்ந்துபோற நாளுக்காக வச்சிருக்கோம்.” என்னைப் பார்த்தார். “பாப்பா, நீ சொல்லு. ஆலைக்குப் போனீங்களா? அங்க மை இல்லையா?”

எல்லோரும் ஏன் என்னையே கேட்கிறார்கள் என்று புரியவில்லை. பட்டம் வாங்கியவள் முகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா? மாமா அடிவாரத்துப் படிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மை இல்லை” என்றேன்.

முத்திரை விழுந்தது. மாமா ஜன்னலிலிருந்து சான்றிதழை வாங்கி, மடிக்காமல் என்னிடம் கொடுத்தார். மேலே ஏறும்போது இரண்டே வார்த்தை சொன்னார்.

“படிச்ச பொண்ணு.”

பாராட்டா, குத்தலா? இன்றுவரை கேட்கவில்லை.

*

திங்கட்கிழமை காலை, கடை திறந்த நேரம். முதலாளி சான்றிதழைக் கண்ணுக்கு அருகில் வைத்தும் தூரத்தில் வைத்தும் படித்தார்.

“முழுசா நடந்தாராம்மா?”

“தொண்ணூத்தாறு இல்லீங்க. நூத்தியொண்ணு நடந்தார்” என்றேன். அதுவரைக்கும் உண்மை. அடுத்த வாக்கியத்துக்கு வாய் திறந்தேன். எந்த வாக்கியம் வரப்போகிறது என்று எனக்கே தெரியவில்லை.

“சரி, ஜெயிச்சுட்ட” என்றார் முதலாளி மாமாவிடம். “தரையிலயே இரு. போ, பெட்டியத் திற.”

மாமா நகரவில்லை. “முட்டி போட்டா எந்திரிக்க முடியல, முதலாளி.”

“என்ன?”

“நடக்க முடியுது. இறங்க முடியுது. எந்திரிக்கத்தான் முடியல. இந்தப் பொண்ணும் இன்னொருத்தரும் சேந்து தூக்கினாங்க.”

முதலாளி என்னைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார். “அப்ப நீ தோத்துட்டியா?”

“இல்ல, ஜெயிச்சுட்டேன். அதான் நீயே சொன்னியே.” கடைக்குள் முதல் ‘நீ’. “ஜெயிச்சவன் ஒண்ணு கேக்கிறேன். ஒரு உயரமான ஸ்டூல் எனக்கு. ஒரு குட்டை ஸ்டூல் வர்றவங்க கால் வைக்க. அழுத்திப் பாக்காம இனி ஒரு ஷூ விக்க மாட்டேன். முடியாதுன்னா குடோன் சாவியக் குடு.”

“காலை மேல தூக்கச் சொல்றதா? அப்பா இருந்தா உன்னையும் என்னையும் சேத்து வெளியில தள்ளுவார்டா! இறங்கறதுல என்ன பெரிய கஷ்டம்? நான் இறங்கல?” முதலாளி மேசைக்குப் பின்னாலிருந்து வேகமாக வந்து, நாற்காலி முன்னால் ஒரு முட்டியை ஊன்றி இறங்கினார். அழகாக இறங்கினார். அப்பா சொல்லிக்கொடுத்த அதே இறக்கம். “பாத்தியா?”

“பாத்தேன். எந்திரி.”

முதலாளி எழுந்திருக்கப் பார்த்தார். நாற்காலியைப் பிடித்தார். நாற்காலி சாய்ந்தது. அட்டைப்பெட்டி அடுக்கைப் பிடித்தார், ஏழாம் நம்பர் பெட்டிகள் இரண்டு அவர் தோளில் விழுந்தன. நான் ஓடினேன். கக்கத்தில் கைகொடுக்க இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அனுபவம் இருந்தது.

நின்றதும் வேட்டியைத் தட்டிக்கொண்டார். “தரை வழுக்குது” என்றார். மாமா விழுந்த பெட்டிகளை எடுத்து அடுக்கினார். அதுதான் முப்பத்துநான்கு ஆண்டுப் பழக்கம் என்று நினைக்கிறேன்.

“எத்தனை ஸ்டூல்?” என்றார் முதலாளி.

ஸ்டூல்கள் புதன்கிழமை வந்தன. நான் அன்று அங்கே போனதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. வேலை விண்ணப்பம் ஒன்றைத் தபாலில் போட்டுவிட்டு வரும் வழி. சான்றிதழை முதலாளி சுவரில் மாட்டச் சொல்லியிருந்தார். மாமா மாட்ட விடவில்லை. எடுத்து என்னிடமே கொடுத்தார். “நீதானே வாங்கின” என்றார். அதுவும் எனக்குச் சரியாகப் புரியவில்லை.

முதல் வாடிக்கையாளராக ஒரு டீச்சரம்மா வந்து, ஆறாம் நம்பர் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பல வருடமாக வருபவர். வழக்கப்படி மாமா இறங்குவார் என்று காத்திருந்தார். மாமா உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, குட்டை ஸ்டூலைத் தட்டிக் காட்டினார். டீச்சரம்மாவுக்கு விளங்கவில்லை. அதில் அவர் தன் கைப்பையை வைத்தார்.

“பை இல்லம்மா. கால்.”

“காலா? உங்களுக்கு நேரா எப்படிங்க நீட்டறது? பரவாயில்லையா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா முதலாளியைப் பார்த்தார். முதலாளி சுவரில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார்.

டீச்சரம்மா பையை எடுத்தார். பெரிய தப்பு ஒன்றைச் செய்யப்போகிறவர்போல, சேலை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். மாமா ஷூவை மாட்டி, கட்டைவிரலால் முனையை அழுத்தினார்.

“ஆறு கேக்கிறீங்க” என்றார். “உங்களுக்கு ஆறரை.”